ஆங்கில வினைச்சொல் ஸ்பெல்லிங்: ஒப்பிப்பதா, எழுதிப் பழகுவதா, ஒலி வழியா?

ரன், சிட், ஈட், வாக், ரைட், கேட்ச். ஆங்கிலம் தொடங்கும் எவருக்கும் முதல் மாதத்திலேயே வந்து சேரும் வினைச்சொற்கள் இவை. ஓடிக் காட்டலாம், உட்கார்ந்து காட்டலாம் என்பதால் பொருள் சட்டென்று பிடிபடுகிறது. டிக்டேஷன் வைத்தால்தான் தடுமாற்றம். அதைச் சரிசெய்ய வீட்டிலும் பள்ளியிலும் டியூஷனிலும் புழங்கும் வழிகள் ஏறக்குறைய ஆறு. எழுத்துகளைச் சொல்லி ஒப்பிப்பது, பத்துத் தடவை எழுதுவது, ஒலியைக் கூட்டி எழுதுவது, பார்த்து மூடி எழுதிச் சரிபார்ப்பது, செய்து காட்டிச் சொல்வது, அட்டையிலோ ஆப்பிலோ பழகுவது.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால் பலரும் பிள்ளையை வைத்துப் பதில் சொல்கிறார்கள். இவன் கேட்டுப் படிக்கிறவன், அவள் எழுதிப் படிக்கிறவள் என்று. ஆனால் பிள்ளைக்கு முன்னால் சொல்லைப் பார்க்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு ‘ஜம்ப்’ ஒலி வழியில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். ‘ரைட்’ அந்த வழியில் எத்தனை நாள் முயன்றாலும் வராது.

ஒப்பிடுவதற்கு முன் எழுத்துப் பெயர் பற்றி ஓர் ஏற்பாடு. பஸ்ஸின் முதலெழுத்தும் பென்னின் முதலெழுத்தும் நம் வாயில் ‘பி’தான். டாக்டரின் முதலெழுத்தும் டேபிளின் முதலெழுத்தும் ‘டி’தான். எனவே இங்கே வெறும் ‘பி’ என்றால் பென்னின் எழுத்து, வெறும் ‘டி’ என்றால் டேபிளின் எழுத்து. மற்ற இரண்டையும் ‘பஸ்-பி’, ‘டாக்டர்-டி’ என்று எழுதுகிறோம். பிள்ளைக்கு வாய்விட்டு ஸ்பெல்லிங் சொல்லும்போதும் இப்படியே சொல்லுங்கள். டிக்டேஷன் தப்புகளில் ஒரு பகுதி இந்த இடத்திலேயே பிறக்கிறது.

மூன்று குவியல்

ஆங்கில எழுத்து 26. ஒலிகளோ சுமார் 44. எழுத்து போதாததால் இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து ஓர் ஒலியைச் சுமக்கின்றன. இதை வைத்துத் தொடக்கநிலை வினைச்சொற்களை மூன்று குவியலாகப் பிரிக்கலாம்.

முதல் குவியலில் இருப்பவை, ஒலிக்கிறபடியே எழுதும் சொற்கள். ரன் என்றால் ஆர்-யூ-என். சிட், கட், ஹிட், கெட், ஹாப், ஸ்டாப், கிளாப், ஸ்கிப், ஸ்விம், ஜம்ப், ஹெல்ப், லிஃப்ட், ஸ்டாண்ட் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது, ஒரு வாய்பாட்டில் அடங்குபவை. மேக், டேக், ரைடு, ஸ்மைல், வேவ் போன்றவற்றின் கடைசியில் ஒலிக்காத ஈ. ஸ்லீப், ஸ்வீப், ஃபீட் ஆகியவற்றின் நடுவில் இரட்டை ஈ. ஈட், ரீட், கிளீன், ஸ்பீக் ஆகியவற்றில் ஈ-ஏ. கிக், பிக் முடிவில் சி-கே. பிளே, ஸ்டே, பே முடிவில் ஏ-ஒய். கால், ஃபால், டெல், செல், ஃபில் முடிவில் இரட்டை எல்.

மூன்றாவது, தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியவை. வாக், டாக், ரைட் (எழுது), நோ (அறி), நாக் (தட்டு), கிளைம்ப், லிசன், கம், கிவ், டூ, பை (வாங்கு), லாஃப். ‘ரைட்’டின் டபிள்யூ, ‘நோ’வின் கே எல்லாம் ஒரு காலத்தில் வாயில் ஒலித்த எழுத்துகள். வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்து வடிவம் மெல்ல இறுகிப்போனது. பேச்சு தன் போக்கில் மாறிக்கொண்டே வந்தது. இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். எழுத்தில் காரணமே இல்லை என்று நினைக்கும் பிள்ளை சீக்கிரம் கைவிட்டுவிடும். பழைய ஒலியின் தடம் என்று தெரிந்தால் ஆர்வத்தோடு தேடும்.

எட்வர்டு டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-ல் வெளியிட்ட 220 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. அதன் முதல் நிலையில் உள்ள செயல் வினைகளைப் பிரித்துப் பாருங்கள். ஜம்ப், ரன், ஹெல்ப் முதல் குவியல். மேக், பிளே, சீ, லுக் இரண்டாவது. ஃபைண்ட் என்ற சொல்லுக்கு மைண்ட், கைண்ட் என்று கூட்டம் இருப்பதால் அதுவும் இரண்டாவது. கம் மூன்றாவது. கோ இரண்டே எழுத்து. எந்தக் குவியலில் போட்டாலும் நஷ்டமில்லை. ஆக, சிறு பிள்ளைக்கான பட்டியலிலேயே மூன்று வகையும் கலந்துதான் இருக்கின்றன. ஒரே வழியில் எல்லாவற்றையும் கற்பித்தால் எங்கோ முட்டும்.

ஒப்பிப்பதும் பத்துத் தடவை எழுதுவதும்

‘டபிள்யூ-ஏ-எல்-கே வாக், வாக் மீன்ஸ் நட.’ இந்த ஓசை கேட்காத தெரு இல்லை. இதற்குச் செலவில்லை, பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் குறைவு. மூன்றாம் குவியலில் நான்கைந்து எழுத்துள்ள சொற்களுக்கு இது நன்றாகவே உதவும். தாளத்தில் அமைந்துவிட்டால் டபிள்யூ-ஆர்-ஐ-டி-ஈ என்ற வரிசை கலையாது.

கெடுவது முதல் குவியலில். ‘ஸ்விம்’ என்ற சொல்லைக் காதால் கேட்டே எழுத முடியும்போது அதையும் எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்யவைப்பது வீண் சுமை. அந்தச் சுமையால் கேட்டு எழுதும் பழக்கமே வளராமல் போகிறது. நூறு சொல் ஒப்பித்த பிள்ளைக்கு நூற்றியோராவது சொல்லைத் தொட வழி தெரிவதில்லை.

பத்துத் தடவை எழுதவைப்பதில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். ‘கேட்ச்’ எழுதச் சொன்னால் முதலில் மேலிருந்து கீழாகப் பத்து சி. பிறகு அதன் பக்கத்தில் பத்து ஏ. பிறகு பத்து டி. நெடுக்காக எழுத்துகள் இறங்குகின்றன, சொல் ஒரு தடவைகூட மனதில் உருவாவதில்லை. இரண்டாம் வரியில் ஓர் எழுத்து விட்டுப்போனால் மீதி எட்டு வரியும் அதே தப்போடு நிறையும். அந்தத் தப்பு கையில் பதிந்தபின் எடுப்பது கடினம்.

எழுதவே கூடாது என்பதில்லை. நான்கு கோடு நோட்டில் கையெழுத்து பழகுகிற ஒன்று, இரண்டாம் வகுப்பில், பஸ்-பி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், டாக்டர்-டி எந்தப் பக்கம் என்பது கைக்குப் பழக எழுதத்தான் வேண்டும். மூன்று தடவை போதும், அதுவும் குறுக்காக, ஒவ்வொரு முறையும் முழுச்சொல்லையும் வாயால் சொல்லிக்கொண்டு.

ஒலி வழி: நமக்கு எது எளிது, எது கடினம்

ஃபோனிக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் விலையுயர்ந்த வகுப்புகளும் உண்டு. அடிப்படை எளியது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கூட்டிப் படிப்பது. எழுதும்போது சொல்லை ஒலிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் போடுவது. முதல் குவியலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. இரண்டாவது குவியலிலும் பாதி வேலையை முடித்துவிடும்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. குறில், நெடில் வேறுபாடு நம் காதில் பிறவியிலேயே இருக்கிறது. சிட், சீட், ஃபில், ஃபீல், லிவ், லீவ். இவற்றை வேறுபடுத்திக் கேட்க முடியாமல் உலகில் பலர் திணறுகிறார்கள், நமக்கு அது கஷ்டமே இல்லை. குறில் கேட்டால் தனி ஐ, நெடில் கேட்டால் இரட்டை ஈ அல்லது ஈ-ஏ என்று சொல்லிக்கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கடினங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்துப் பெயர் முதலில் மனதில் ஏறிவிட்ட பிள்ளைக்கு, ‘சிட்’டில் வரும் இகரம் ஈ என்ற எழுத்தின் பெயரைப் போலக் கேட்கிறது. எனவே எஸ்-ஈ-டி என்று எழுதிவைக்கும். ‘கெட்’டில் வரும் எகரம் ஏ என்ற பெயரைப் போலக் கேட்கிறது, எனவே ஜி-ஏ-டி. ‘ஸ்டாப்’ நம் வாயில் ஆகாரமாக வருவதால் நடுவில் ஓ-வுக்குப் பதில் ஏ. சொல் முடிவில் உகரம் சேர்த்து ‘ஜம்ப்பு’, ‘ஹெல்ப்பு’ என்று சொல்லும் பழக்கமும் கையில் இறங்கி, கடைசியில் ஒரு யூ முளைக்கும். ‘டிவி பார்’ என்பதற்கு ‘வாட்ச்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வாஷ்’ வந்து நிற்பதும் ஒலிச் சிக்கலே. இவை கவனக்குறைவால் வருபவை இல்லை. காது ஒன்றைக் கேட்டு, கை அதை நேர்மையாக எழுதியிருக்கிறது. திட்டுவதற்குப் பதில் அந்த ஒரு ஒலியை மட்டும் எடுத்து, சிட்–செட், பின்–பென் என்று ஜோடியாகச் சொல்லி எதைக் கேட்டாய் என்று கை தூக்கவைத்தால் போதும். நாளுக்கு ஐந்து ஜோடி.

ஒலி வழியைக் கெடுக்கும் ஒரு பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதிவைப்பது. ‘பேக்’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ரொட்டி சுடுகிற பேக்கா, மூட்டை கட்டுகிற பேக்கா, தோளில் மாட்டுகிற பேக்கா, பின்பக்கம் என்ற பேக்கா? ஆங்கிலத்தில் நான்கும் நான்கு எழுத்து வடிவம், தமிழில் ஒன்றே. ‘கேட்ச்’சில் ஏகாரமாகவும் ‘கிளாப்’பில் ஆகாரமாகவும் நாம் எழுதுவது ஆங்கிலத்தில் ஒரே உயிர் ஒலி, இரண்டிலும் ஏ. தமிழ்க் குறிப்பை நம்பும் கண் இதைக் காணவே காணாது. பெற்றோர் தங்கள் வசதிக்காக எழுதிக்கொள்வதானால் தனித்தாளில் வைத்துக்கொள்ளலாம்.

ஒலி வழிக்கு எல்லை உண்டு. ‘ஸ்லீப்’பில் நெடில் ஈகாரம் இருக்கிறது என்று காது சொல்லும். அது இரட்டை ஈ-யா, ஈ-ஏ-வா என்று சொல்லாது. சில இடங்களில் விதி கைகொடுக்கும். க ஒலிக்குப் பின்னால் ஈ, ஐ வந்தால் கே போடு, ஏ, ஓ, யூ, எல், ஆர் வந்தால் சி போடு: கீப், கிக் ஒருபுறம், கட், கம், கிளாப், கிரை மறுபுறம். குறிலுக்குப் பின் சகர ஒலி என்றால் டி-சி-ஹெச், நெடிலுக்குப் பின் வெறும் சி-ஹெச்: கேட்ச், ஸ்ட்ரெட்ச் ஒருபுறம், டீச், ரீச் மறுபுறம். ‘ஸ்கேட்’, ‘டச்’ போல விதி மீறுபவை உண்டு, அவற்றை மூன்றாம் குவியலில் போட்டுவிட வேண்டியதுதான். விதி இல்லாத இடத்தில் அடுத்த வழி தேவைப்படுகிறது.

பார், மூடு, எழுது, சரிபார்

ஆறு வழிகளில் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இரண்டு, மூன்றாம் குவியல்களுக்கு அதிகம் பலன் தருவதும் இதுவே. நோட்டுப் பக்கத்தை நான்கு பத்தியாக மடியுங்கள். முதல் பத்தியில் பெரியவர் சொல்லை எழுதுகிறார். பிள்ளை அதைப் பத்து விநாடி பார்த்து, தொல்லை தரும் இடத்தின் கீழ் கோடு போடுகிறது. ‘கிளைம்ப்’ என்றால் கடைசி பஸ்-பி, ‘லிசன்’ என்றால் நடு டி. பிறகு முதல் பத்தியைப் பின்னால் மடித்து மறைத்து, இரண்டாம் பத்தியில் முழுச்சொல்லையும் ஒரே மூச்சில் எழுதுகிறது. விரித்து, விரல் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. தப்பென்றால் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தக் கூடாது. சொல்லை முழுதும் அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். திருத்திய சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கைக்குப் பழைய தப்பே நினைவிருக்கும். மறுநாள் மூன்றாம் பத்தி, ஒரு வாரம் கழித்து நான்காம் பத்தி.

இது பலிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் பாதிச்சொல்லில் எட்டிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் இது வெறும் நகலெடுப்பாகிவிடும். சொல் நீளமாக இருந்தால் இரண்டு துண்டாகப் பிரிக்கலாமே ஒழிய எட்டிப்பார்க்க விடக் கூடாது. இன்னொன்று, ஒரே உட்காரலில் அதிகச் சொற்கள். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நாளுக்கு ஐந்து புதுச்சொல்லே வரம்பு. அதில் மூன்றாம் குவியலில் இருந்து இரண்டுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் குவியலுக்கு ஒரு துணை உத்தி உண்டு. எழுதும்போது மட்டும் மனதுக்குள் எழுத்துப்படி உச்சரிப்பது: ‘க்நோ’, ‘லிஸ்-டென்’, ‘வால்க்’. நம்மில் பலர் ‘வால்க்’, ‘டால்க்’ என்று வெளியிலேயே சொல்வதுண்டு. அதை எழுதும் குரல் என்று ஒதுக்கிவைத்து, பேசும் குரலில் எல்-ஐ விட்டுவிடச் சொன்னால் ஸ்பெல்லிங்கும் காப்பாற்றப்படும், உச்சரிப்பும் திருந்தும். தனிச்சொல்லாகத் தராமல் உறவுகளோடு தருவதும் பயன் தரும். வாக்கோடு டாக், சாக். நாக்கோடு நோ, நீல், நிட். கிளைம்ப்போடு கோம்ப், தம்ப் என எழுதினால் எல்லாவற்றிலும் ஒலிக்காமல் நிற்கும் பஸ்-பி கண்ணில் படும்.

ஐஎன்ஜி சேரும்போது நன்னூல் உதவும்

அடிச்சொல் சரியாக எழுதும் பிள்ளையும் ‘ரன்னிங்’கில் ஒரு என் போட்டும், ‘மேக்கிங்’கில் ஈ-யை விடாமலும் எழுதும். இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் ஓரசை, ஓருயிர், ஒரு மெய் என்று மூன்று நிபந்தனை சொல்லும். தமிழ் படித்த பிள்ளைக்கு அத்தனை சுற்று வேண்டாம். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று நன்னூல் சொல்வதே இங்கும் பொருந்துகிறது. கண் + இல் = கண்ணில். ரன் + இங் = ரன்னிங், என் இரட்டிக்கிறது. சிட்டிங், கட்டிங், ஸ்விம்மிங், ஸ்டாப்பிங், கிளாப்பிங் எல்லாம் அப்படியே. நெடில் வந்தால் இரட்டாது: கால் + இல் = காலில்; ஈட் + இங் = ஈட்டிங், ஒரே டி. ஸ்லீப்பிங், ரீடிங், லுக்கிங் அதே வரிசை. (நாம் தமிழில் ‘ஈட்டிங்’ என்று இரட்டித்து எழுதுவது ஒலிக்காக, ஆங்கிலத்தில் ஒரு டி-தான். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘லுக்’ நம் காதில் குறிலாகக் கேட்டாலும் எழுத்தில் இரண்டு ஓ இருப்பதால் கே இரட்டாது.) தனிக்குறிலாக இல்லாமல் அதற்கு முன் இன்னோர் அசை இருந்தாலும் பெரும்பாலும் இரட்டாது: அவன் + இடம் = அவனிடம்; ஓபன், லிசன், விசிட் ஆகியவற்றிலும் கடைசி மெய் ஒன்றே. ‘பிகின்’, ‘ஃபர்கெட்’ மட்டும் கடைசி அசையில் அழுத்தம் விழுவதால் இரட்டிக்கும். ஜம்ப், ஹெல்ப் போல இரண்டு மெய்யில் முடிபவையும், டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகியவற்றில் முடிபவையும் இரட்டுவதில்லை: ஃபிக்ஸிங், டிராயிங், பிளேயிங்.

ஈ விழுவதற்கும் நம்மிடம் இணை உண்டு. காசு + இல்லை = காசில்லை; உயிர் வந்ததும் கடைசி உகரம் ஓடிவிடுகிறது. எம்-ஏ-கே-ஈ-யோடு ஐ-என்-ஜி சேர்ந்தால் ஈ ஓடிவிடும். டேக்கிங், ரைட்டிங், ரைடிங், ஸ்மைலிங், டான்ஸிங் எல்லாவற்றிலும் ஈ இல்லை. ‘ஹாப்’, ‘ஹோப்’ ஜோடியை ஒருநாள் கரும்பலகையில் போட்டுவிட்டால் இரண்டு விதியும் ஒன்றாகத் தெரியும். நொண்டி அடிக்கிற ஹாப் இரண்டு பி பெறுகிறது. நம்பிக்கை கொள்கிற ஹோப் ஈ-யை விட்டு ஒரே பி-யோடு நிற்கிறது.

புணர்ச்சியைத் தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த எட்டாம் வகுப்பு மாணவருக்கு இது ஆங்கிலத்திலும் வேலை செய்கிறது என்று காட்டும்போது இரண்டு பாடமும் சேர்ந்து தெளிவாகின்றன. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு பீரியட் சேர்ந்து நடத்தத் தக்க பாடம் இது.

எஸ், ஈ-எஸ், ஈ-டாக்டர் டி சேர்ப்பதில் இரண்டு இடம் மட்டும் கவனம். ஷ், ச், க்ஸ் ஒலியில் முடிந்தால் ஈ-எஸ்: வாஷஸ், கேட்சஸ், ஃபிக்ஸஸ்; கோ, டூ இரண்டும் இதே வரிசை. மெய்க்குப் பின் ஒய் இருந்தால் அது ஐ ஆகும்: கிரை, கிரைஸ், கிரைடு. ஆனால் கிரையிங்கில் ஒய் அப்படியே. கடந்தகால முடிவு வாயில் மூன்று விதமாக ஒலிக்கும், ‘வாக்ட்’, ‘பிளேடு’, ‘வான்டட்’ என்று. எழுத்தில் மூன்றும் ஈ-டாக்டர் டி. காதை நம்பி எழுதும் பிள்ளை ‘வாக்ட்’டின் முடிவில் வெறும் டி போடுவது இதனால்தான்.

மூன்று காலமும் ஒன்றாகவா?

பல பள்ளிகளில் முதல் நாளே மூன்று கட்டப் பட்டியல் கையில் வந்துவிடுகிறது. கோ, வென்ட், கான். பட்டியல் அகர வரிசையில் இருக்கும். இரண்டும் தொடக்கநிலைக்கு ஆகாதவை. அகர வரிசையில் பிரிங்கும் பையும் அருகருகே வந்து, பிராட், பாட் என்ற இறந்தகால வடிவங்களைக் குழப்பிவிடும். முதலில் நாற்பது ஐம்பது அடிச்சொல், பிறகு ஐ-என்-ஜி, பிறகு எஸ், அப்புறம் ஈ-டாக்டர் டி, கடைசியில் ஒழுங்கற்றவை என்பதே எங்கள் பரிந்துரை. ஒழுங்கற்றவற்றையும் கூட்டம் கூட்டமாகத் தர வேண்டும். மாறாதவை: கட், புட், ஹிட், ஷட். உயிர் மட்டும் ஐ, ஏ, யூ என்று மாறுபவை: சிங், ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின். ஓ-யூ-ஜி-ஹெச்-டி முடிவு: பாட், பிராட், தாட், ஃபாட். ஏ-யூ-ஜி-ஹெச்-டி: காட், டாட். வாங்குகிற ‘பை’யில் ஆர் இல்லை, அதன் இறந்தகாலத்திலும் இல்லை, கொண்டுவருகிற ‘பிரிங்’கில் ஆர் உண்டு, அதன் இறந்தகாலத்திலும் உண்டு. இந்த ஒரு வரி போதும். ‘ரீட்’ மட்டும் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் ‘ரெட்’ என்று மாறும்.

செய்கை, அட்டை, ஆப்

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வளர்த்த முறை ஒன்று உண்டு. ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் பேசாமல் செய்துகாட்டுவார். ஸ்டாண்ட் அப், டர்ன், கிளாப், ஜம்ப். செயல் வினைகளுக்காகவே பிறந்தது போன்ற முறை. மொழிபெயர்ப்பு தராத நுட்பத்தை இது தரும். லுக், சீ, வாட்ச் மூன்றுக்கும் தமிழில் ‘பார்’ என்று எழுதிவைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் இருக்கும் படத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினால் லுக், உருளும் பந்தைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச் என்று செய்யவைத்தால் குழப்பம் தீரும். ஆனால் செய்கையால் ஸ்பெல்லிங் வராது. குதித்து முடித்த கையோடு பலகையில் அச்சொல்லைப் பார்க்கவும் எழுதவும் வைத்தால்தான் இரண்டும் ஒட்டும். திங்க், நோ போல உள்ளுக்குள் நடப்பவற்றை இதில் சேர்க்க வேண்டாம்.

மறதிக்கு மருந்து அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பியது. சார்ட் பேப்பரை விசிட்டிங் கார்டு அளவில் வெட்டி, ஒரு பக்கம் படமோ தமிழ்ச்சொல்லோ, மறுபக்கம் ஆங்கில எழுத்து. மூன்று உறை போதும்: தினம், மூன்று நாளுக்கொரு முறை, வாரம் ஒருமுறை. சரியாக எழுதினால் அடுத்த உறைக்கு. தப்பினால் எந்த உறையில் இருந்தாலும் முதல் உறைக்கு. வாயால் சொன்னால் ஏற்கக் கூடாது, எழுதிக்காட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தோற்பது அட்டை பெருகுவதால். முதல் உறையில் பதினைந்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் புதுச்சொல்லை நிறுத்திவையுங்கள்.

இதையே போனில் செய்யும் ஆங்கி என்ற ஆப் ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. பெரியவர்களுக்கு நல்ல தேர்வு. பதில் தட்டச்சு செய்யும் வகை அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் விளையாட்டு ஆப்கள் சொல்லை அடையாளம் காணப் பழக்கும், எழுதப் பழக்காது. போன் கீபோர்டின் பரிந்துரைப் பட்டையையும் தானாகத் திருத்தும் வசதியையும் அணைக்காமல் பழகினால் மூன்று எழுத்து அடித்ததும் போனே மீதியை எழுதிவிடும்.

யார் எதை எடுப்பது

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு செய்கையும் ஒலி வழியும். சொற்கள் முதல் குவியலில் இருந்து மட்டும், வாரம் எட்டு முதல் பத்து. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆங்கிலம் செயல்பாடுகளோடு வருகிறது. பிள்ளை வகுப்பில் செய்ததை வீட்டில் எழுதிப் பார்க்கவைத்தால் போதும். தனியாக ஃபோனிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

மூன்று முதல் ஐந்து வரை, பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். ஐந்து நிமிடம் அட்டை உறை, ஐந்து நிமிடம் பார்-மூடு-எழுது, ஐந்து நிமிடம் இரண்டு சிறு வாக்கிய டிக்டேஷன். ஒப்பிப்பது மூன்றாம் குவியலுக்கு மட்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் எல்லா நோட்டையும் பார்க்க முடியாது. அருகில் இருப்பவர் திருத்தட்டும், ஆனால் மூலப் பட்டியல் திறந்திருக்க வேண்டும். மனதில் உள்ளதை வைத்துத் திருத்தினால் சரியானதும் தப்பாகிவிடும்.

ஆறாம் வகுப்புக்கு மேல் வந்தும் எழுதத் தெரியாத பிள்ளைக்கு முதலில் இருபது சொல் டிக்டேஷன் வைத்துத் தப்புகளைப் படியுங்கள். ‘சிட்’டை எஸ்-ஈ-டி என்று எழுதியிருந்தால் ஒலி வழியிலிருந்து தொடங்க வேண்டும், வயதைப் பார்க்க வேண்டாம். ‘மேக்கிங்’கில் ஈ நின்றிருந்தால் புணர்ச்சிப் பாடம். ‘ரைட்’டில் டபிள்யூ மட்டும் போயிருந்தால் மூன்றாம் குவியல் அட்டைகள் போதும், வேறு எதையும் தொட வேண்டியதில்லை. மூன்றும் கலந்திருந்தால் இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக.

வேலைக்காகவோ தேர்வுக்காகவோ படிக்கும் பெரியவருக்கு அட்டையும் பார்-மூடு-எழுதுவும் வேகமான வழி. ஒலி விதிகளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம், பிள்ளைகளைப் போல மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம். அவர்கள் சந்திக்கும் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் எழுத்தில் இருக்கிறது. கணினியில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் ‘டிராவலிங்’கில் இரட்டை எல் போட்டதற்குச் சிவப்புக் கோடு விழும். ‘பிராக்டிஸ்’ என்ற வினைக்கு எஸ் போட்டாலும் அப்படியே. கணினியின் மொழி அமைப்பில் இந்திய ஆங்கிலம் அல்லது பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றிவிட்டுப் பழகத் தொடங்கலாம்.